மலைக் குளிரில் இன்டக்‌ஷன் அடுப்பு

குன்னூரில் எங்கள் வீட்டுக்கு இன்டக்‌ஷன் அடுப்பு வந்த அன்று, பக்கத்து வீட்டுப் பாட்டி அதன் கறுப்புக் கண்ணாடியை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "பர்னரும் இல்ல, தீயும் இல்ல, இதுல எப்படிம்மா தண்ணி கொதிக்கும்?" என்று கேட்டார். பதில் சொல்வதைவிடக் காட்டுவது எளிது என்று தோன்றியது. பழைய நாளிதழ்த் தாள் ஒன்றைக் கண்ணாடியின் மேல் விரித்து, அதன்மேல் அரை லிட்டர் தண்ணீருடன் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து அடுப்பை ஓடவிட்டேன். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாத்திரத்தை இறக்கியபோது தாள் சூடாக இருந்ததே தவிர, ஓரிடத்திலும் கருகவில்லை. அச்செழுத்துகள் அப்படியே இருந்தன. பாட்டி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்து அவர் கேட்ட கேள்வி, "அப்போ என் வெண்கலப் பானையில பொங்கல் வைக்கலாமா?" என்பதுதான். அதற்கான பதில் இந்த அடுப்பு வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. (தாள் வித்தையைத் தண்ணீரோடு மட்டும் செய்யலாம், எண்ணெய் வைத்தால் தாள் கருகிப் புகையும்.)

எரிவாயு அடுப்பில் தீ சூடாகிறது, தீ பாத்திரத்தைச் சூடாக்குகிறது, பாத்திரம் உணவைச் சூடாக்குகிறது. இன்டக்‌ஷனில் முதல் படியே கிடையாது. பாத்திரத்தின் அடிப்பாகம்தான் நேரடியாகச் சூடாகிறது. கண்ணாடிக்குக் கீழே, கொசுவத்திச் சுருளைப்போலத் தட்டையாகச் சுற்றிய செம்புக் கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. அதில் வேகமாகத் திசை மாறும் மின்சாரம் பாயும்போது, சுருளைச் சுற்றி அதே வேகத்தில் மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. மாறும் காந்தப்புலத்துக்குள் ஓர் உலோகம் இருந்தால் அதற்குள் தானாகவே மின்சாரம் எழும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். மின்காந்தத் தூண்டல் என்று நாம் பள்ளியில் படித்தது இதைத்தான். பாத்திரத்தின் அடியில் அப்படி எழும் மின்சாரம், ஆற்றுச் சுழியைப்போல உலோகத்துக்குள்ளேயே சுழல்வதால் அதைச் சுழல் மின்னோட்டம் என்கிறார்கள். அந்த ஓட்டத்தை உலோகம் தடுக்க முயல்கிறது. அந்தத் தடையில் பிறப்பதே நம் சமையலுக்கான சூடு. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அதற்குள் எந்தச் சுழலும் எழுவதில்லை. சமைத்து முடித்ததும் கண்ணாடி சுடுவது பாத்திரத்திலிருந்து இறங்கிய சூட்டினால்தான்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மட்டுமே மாறுவதால் அந்த வேகம் இந்த வேலைக்குப் போதாது. எனவே அடுப்புக்குள் இருக்கும் மின்பலகை, வந்த மின்சாரத்தை முதலில் ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரமாக மாற்றி, பிறகு அதை நொடிக்கு 20,000 முதல் 40,000 சுற்று வரை மாறுமாறு வெட்டிச் சுருளுக்கு அனுப்புகிறது. மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000 என்பதால் அந்த மாற்றத்தால் எழும் ஓசை நமக்குக் கேட்பதில்லை. முழுச் சூட்டில் வைக்கும்போது சில பாத்திரங்களிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கும். அடுக்கு அடுக்காக ஒட்டிய அடிப்பாகத் தகடுகள் அதிர்வதால் வருவது அது. பயப்பட வேண்டியதில்லை.

இனி பாட்டியின் வெண்கலப் பானைக்கு வருவோம். வேகமாக மாறும் மின்சாரம் உலோகத்தின் முழுக் கனத்துக்குள்ளும் பரவாமல் மேல்தோலிலேயே ஓடும் இயல்புடையது. இரும்பு காந்தத்தன்மை உடையது என்பதால் அதில் இந்தத் தோல் மிக மெல்லியது. குறுகலான சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு கூட்டம் போவதைப்போல மின்சாரம் அதில் பெருந்தடையைச் சந்தித்து நிறையச் சூட்டைத் தருகிறது. அலுமினியம், செம்பு, பித்தளை, வெண்கலம் ஆகியவற்றில் காந்தத்தன்மை இல்லை. மின்சாரம் அகலமான சாலையில் போவதுபோல் எளிதாக ஓடிவிடுவதால் போதிய சூடு பிறக்காது. அத்தகைய பாத்திரத்தை வைத்தால், வீட்டு அடுப்பு அதைப் பாத்திரமாகவே ஏற்காமல் கீச் கீச்சென்று ஒலியெழுப்பிவிட்டு நின்றுவிடும். மண்சட்டியில் மின்சாரமே ஓடாது என்பதால் அதற்கும் இங்கே இடமில்லை. பாட்டிக்கு இதைச் சொன்னபோது அவர் வருந்தவில்லை. "நல்லதாப் போச்சு, என் பானை பிழைச்சுது" என்றார்.

எந்தப் பாத்திரம் ஏற்கும் என்பதை அறிய ஒரு காந்தத் துண்டு போதும். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் பொம்மையையே எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பார்க்கலாம். இறுக ஒட்டினால் நன்றாக வேலை செய்யும். தயங்கித் தயங்கி ஒட்டினால் சூடு குறைவாக ஏறும். நழுவி விழுந்தால் பயனில்லை. எவர்சில்வரில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் ஒரே கடையில் அடுக்கி வைத்த இரண்டு பாத்திரங்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், அவற்றின் உலோகக் கலவை வேறாக இருந்தால் ஒன்று காந்தத்தை ஏற்கும், மற்றொன்று ஏற்காது. அலுமினியக் குக்கரிலும் அடியில் காந்த உலோகத் தகடு பதித்தது கிடைக்கிறது. "இன்டக்‌ஷன் அடி" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார். பாத்திரக் கடைக்குப் போகும்போது கைப்பையில் ஒரு காந்தம் இருப்பது நல்லது. கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உலோகம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அடி தட்டையாகவும் இருக்க வேண்டும். உருண்டை அடி வாணலியில் நடுப்புள்ளி மட்டுமே சுருளுக்கு அருகில் நிற்பதால் சூடு ஏறாது. தாளிப்புக் கரண்டியும் ஏறத்தாழ 12 சென்டிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள கிண்ணங்களும் பல அடுப்புகளுக்குக் கண்ணிலேயே படாது. இரும்புத் தோசைக்கல் மிக நன்றாக ஒத்துப்போகும், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு: சுருளின் அகலம் வரைதான் கல் நேரடியாகச் சூடாகிறது. 30 சென்டிமீட்டர் கல்லை வைத்து உடனே 1,800 வாட்டுக்கு ஏற்றினால் நடுவில் தோசை கருகும், ஓரம் மாவாகவே இருக்கும். அதோடு, நடுப்பகுதி மட்டும் விரிவதால் காலப்போக்கில் கல்லே வளைந்துவிடும். குறைந்த சூட்டில் நான்கைந்து நிமிடம் காயவிட்டு, சூடு ஓரத்துக்குப் பரவிய பிறகு மாவு ஊற்றினால் தோசை சீராக வேகும்.

கேழ்வரகுக் களியை மட்டும் இதில் கிளறாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. துடுப்பை அழுத்திக் கிளறும் வேகத்தில் பாத்திரம் கண்ணாடிமேல் தடதடவென்று நகர்ந்து கீறல் விழும்; கண்ணாடி வெடித்தாலும் வெடிக்கலாம். கத்தரிக்காய் சுடவும் அப்பளம் வாட்டவும் எப்படியும் தீ வேண்டும். ஆகவே எரிவாயு அடுப்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிடும் எண்ணம் வேண்டாம். அதே சமயம், மார்கழி, தை மாத விடியற்காலைகளில் சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் எரிவாயு குளிரில் சரியாக ஆவியாகாமல் தீ சோர்ந்து எரிவதை நீலகிரியில் இருப்பவர்கள் அறிவார்கள். அந்த நேரத்தில் இன்டக்‌ஷனின் அருமை தெரியும்.

கண்ணாடியின் நடுவில், அடிப்புறமாக ஒட்டிக்கொண்டு, மிளகளவே உள்ள ஒரு வெப்ப உணரி இருக்கிறது. அடுப்பு "180 டிகிரி" என்று காட்டும்போது அது அளப்பது எண்ணெயின் சூட்டை அன்று. பாத்திரத்திலிருந்து கண்ணாடிக்கு இறங்கிய சூட்டைத்தான். பாத்திரத்தின் அடி மேல்நோக்கிக் குழிந்திருந்தால் நடுவே காற்று நிற்கும், உணரிக்குச் செய்தி தாமதமாகவே வரும், அதற்குள் எண்ணெய் புகையத் தொடங்கியிருக்கும். வெறும் பாத்திரத்தை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போவதும் இதே ஆபத்தில்தான் முடியும். தீ கண்ணுக்குத் தெரியாததால் நாம் மறந்துவிடுகிறோம், மெல்லிய அடியோ ஒரே நிமிடத்தில் நிறம் மாறிவிடுகிறது. கடுகு தாளிக்க 800 வாட்டே போதும். மேலே அச்சிட்டிருக்கும் இட்லி, பால், குழம்பு போன்ற பொத்தான்கள் எல்லாம் குறிப்பிட்ட வாட்டையும் நேரத்தையும் சேர்த்து வைத்த முன்னமைப்புகளே. பாலா சாம்பாரா என்று அடுப்புக்குத் தெரியாது. வாட் அளவை நாமே கூட்டிக் குறைத்துப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து.

வாட்டைக் குறைக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். சாதாரண வீட்டு அடுப்புகளில் பல, ஓர் அளவுக்குக் கீழே தொடர்ச்சியாகச் சூட்டைக் குறைப்பதில்லை. சில நொடிகள் ஓடி, சில நொடிகள் நின்று, சராசரியாகக் குறைத்துக் கொடுக்கின்றன. பால் பொங்கி எழுந்து, அடங்கி, மறுபடியும் எழுவது இதனால்தான். பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை.

மலைக்கே உரிய இன்னொரு செய்தி கொதிநிலை. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரமுள்ள குன்னூரில் 94 டிகிரியிலும், 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் 92 அல்லது 93 டிகிரியிலுமே கொதித்துவிடும். கொதித்த பிறகு வாட்டைக் கூட்டினால் தண்ணீர் வேகமாக ஆவியாகுமே தவிர, அதன் சூடு ஒரு டிகிரிகூட ஏறாது. ஆகவே திறந்த பாத்திரத்தில் பருப்போ அவரையோ வேகவில்லை என்றால் அடுப்பின் மேல் பழி போடுவதில் நியாயமில்லை. இங்கே குக்கர் இன்றியமையாதது. குக்கரின் எடைக்கட்டி வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தத்தைச் சேர்ப்பதால் சமவெளியில் உள்ளே 120 டிகிரி வரை ஏறும். நம் ஊரில் வெளிக்காற்றே மெலிந்திருப்பதால் 116, 117 டிகிரியில் நின்றுவிடும். அதனால்தான் கோயம்புத்தூரில் மூன்று விசிலில் வெந்த துவரம்பருப்பு இங்கே சற்றுக் கூடுதல் நேரம் கேட்கிறது.

ஆனால் இன்டக்‌ஷனில் விசிலை எண்ணிச் சமைப்பது ஏமாற்றும். 2,000 வாட்டில் வைத்த குக்கர் மளமளவென்று நீராவியை உண்டாக்குவதால், ஐந்து விசில் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடலாம். பருப்பு வேக வேண்டியதோ பத்து, பதினைந்து நிமிடம். விசில் எண்ணிக்கை சரியாக இருக்கும், பருப்பு மட்டும் முழித்துக்கொண்டு கிடக்கும். முதல் விசில் வந்ததும் 500 வாட் அளவுக்குக் குறைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரம் கணக்கிடுவதே சரியான வழி. அடுப்பு விட்டு விட்டு ஓடினாலும் குக்கருக்குள் அழுத்தம் அவ்வளவு விரைவில் இறங்காது. எங்கள் வீட்டில் துவரம்பருப்புக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று பழகிவிட்டோம். உங்கள் குக்கரையும் பருப்பையும் பொறுத்து ஓரிரு நாளில் உங்களுக்கான கணக்கு பிடிபடும்.

செலவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2,000 வாட் அடுப்பு அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு யூனிட். குளிர்காலத்தில் குழாயில் 15 டிகிரியில் வரும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க, இழப்பையும் சேர்த்து 0.11 யூனிட் ஆகும். நேரம் மூன்றரை நிமிடத்தை ஒட்டி வரும். நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 90 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் பயன்பாடு ஏற ஏற யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுவதால், அந்த 90 யூனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளுகிறதா என்பதைப் பழைய ரசீதை எடுத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

மின் இணைப்பில் கஞ்சத்தனம் கூடாது. 2,000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. மின்விசிறிக்கும் செல்பேசிக்கும் வைத்த 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டுக்கு அது தாங்காது. முதல் மாதம் நான் செய்த தவறே இதுதான். அடாப்டர் ஒன்றை இடையில் செருகிச் சின்னப் பாயின்ட்டிலேயே ஓட்டினேன். ஒரு வாரம் எல்லாம் சரியாக இருந்தது. எட்டாம் நாள் சமையலறையில் மீன் கருகியதுபோல ஒரு வாடை. எங்கள் வீட்டிலோ அன்று ரசம் மட்டும்தான். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தபோது மூன்று கம்பிகளில் ஒன்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருந்தது. அதன் பிறகே 16 ஆம்பியர் பாயின்ட், தனி எம்.சி.பி. (மின்சுமை மீறினால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச்), 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, முறையான எர்த் எல்லாம் வந்தன. மலையில் பல வீடுகள் பழமையானவை. மரச்சட்டத்தின்மேல் ஓடும் பழைய வயரிங் இருந்தால், அடுப்பு வாங்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டிவிடுங்கள். கீசரும் இன்டக்‌ஷனும் ஒரே நேரத்தில் ஓடுவதை இயன்றவரை தவிர்க்கலாம்.

1932-இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கிய மாவட்டம் இது. ஆனாலும் மழைக்காலத்தில் கம்பிமேல் ஒரு மரம் சாய்ந்தால் நமக்கு மின்சாரம் இல்லை. போனது திரும்பி வரும் நொடியில் மின்னழுத்தம் தாறுமாறாக இருக்கக்கூடும். எனவே மின்சாரம் நின்றதும் பிளக்கைக் கழற்றிவிட்டு, வந்து சில நிமிடம் கழித்துச் செருகுவது நல்லது. இடி மின்னலின்போதும் அதேதான். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இந்த அடுப்பைத் தாங்காது. திரையில் "E" என்ற ஆங்கில எழுத்துடன் ஓர் எண் வந்தால், அது அழுத்தம் குறைந்ததையோ கூடியதையோ பாத்திரம் இல்லாததையோ உணரி பழுதானதையோ குறிக்கும்; எண்களின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், கூடவே வந்த கையேட்டைத் தூக்கி எறியாமல் வையுங்கள்.

இந்த அடுப்புக்கு மலையில் எமன் குளிரன்று, ஈரம். மின்பலகையும் சுருளும் வேலை செய்யும்போது சூடாவதால், அடியிலுள்ள சிறு விசிறி வெளிக்காற்றை உள்ளிழுத்து அவற்றைக் குளிர்விக்கிறது. சமையலறை ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்தக் காற்றோடு சேர்ந்து உள்ளே போகின்றன. இரவில் வெப்பம் தணியும்போது அந்த ஆவி பலகையின்மேல் பனித்துளியாகப் படிகிறது. பிசுக்கில் தூசி ஒட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் மின்சாரம் போகக் கூடாத வழியில் போகத் தொடங்கும். எறும்புக்கும் கரப்பான்பூச்சிக்கும் குளிர்காலத்தில் இதைவிடக் கதகதப்பான வீடு கிடையாது. ஒரு மழைக்காலத்தில் நாங்கள் ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பி அடுப்பைப் போட்டதும் எம்.சி.பி. விழுந்தது. மெக்கானிக் திருகுகளைக் கழற்றி அடிமூடியைத் திறந்தபோது, விசிறிக்குப் பக்கத்தில் எறும்புகள் வெள்ளை முட்டைகளோடு குடியிருந்தன. பலகையின் மூலையில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

அன்றிலிருந்து சில பழக்கங்கள் வந்தன. அடுப்பைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கிறோம், எரிவாயு அடுப்புக்கு ஒட்டினாற்போல் வைப்பதில்லை, அடியில் துணியோ பிளாஸ்டிக் விரிப்போ போடுவதில்லை, ஏனென்றால் அவை காற்றுத் துளைகளை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி, அடியிலுள்ள துளைகளை உலர்ந்த பெயின்ட் பிரஷால் தட்டித் துடைக்கிறோம். தினமும் சிறிது நேரமாவது ஓட்டினால் உள்ளே ஈரம் தங்காது. பல நாள் பயன்படுத்தாமல் வைப்பதென்றால், பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வைப்பதைவிடப் பருத்திப் பையில் போட்டு உலர்ந்த அலமாரியில் வைப்பதே மேல். பிளாஸ்டிக் ஈரத்தை வெளியே விடாது. மீண்டும் எடுக்கும்போது உடனே செருகாமல், வெயில் படும் அறையில் அரைநாள் வைத்திருந்துவிட்டு ஓட்டுங்கள்.

கண்ணாடியைச் சுத்தம் செய்வது சிரமமானதன்று. ஆறிய பிறகு ஈரத்துணியில் ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம் விட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். கம்பி நாரும் சாம்பலும் வேண்டாம். வெல்லப்பாகு சிந்தினால் மட்டும் முழுதாக ஆறும்வரை காத்திருக்கக் கூடாது, இறுகிய பாகு கண்ணாடியின் மேற்பரப்பையே பெயர்த்துக்கொண்டு வரக்கூடும். அடுப்பை அணைத்து, கை சுடாதபடி மடித்த ஈரத்துணியால் இளஞ்சூட்டிலேயே துடைத்தெடுக்க வேண்டும். பாத்திரத்தின் அடியையும் துடைத்துவிட்டே வையுங்கள், அடியில் ஒட்டிய ஒரு மணல்துகள் கண்ணாடியில் கோடு போடும். மயிரிழை அளவு விரிசல் கண்டாலும் அடுப்பை நிறுத்திவிடுங்கள். பொங்கி வழியும் கஞ்சி அதன் வழியே நேராக மின்சாரத்துக்குள் இறங்கும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஓடும் அடுப்பிலிருந்து இரண்டடியாவது தள்ளி நிற்க வேண்டும். தாங்களே சமைப்பதாக இருந்தால் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். சமையல் முடிந்து பொத்தானை அழுத்தியதும் விசிறி உடனே நிற்காது. உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்ற ஒன்றிரண்டு நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும். அவசரத்தில் சுவிட்சை அணைத்துவிட்டால் அந்தச் சூடு முழுவதும் பலகையிலேயே தங்கும். பாட்டி இப்போது எங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வரும்போது, அந்த ஓசை அடங்கும்வரை காத்திருந்து, "நின்னுடுச்சு, இப்போ சுவிட்சை அணைச்சுக்கோம்மா" என்கிறார்.